பதில் சொல்லும் குரல்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை பற்றிப் பேச்சு வந்தால் எப்படியும் ஒரு கருத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய ரெக்கார்டுகள் சேர்க்கும் நண்பர் ஒருவர் அதை என்னிடம் ஒருநாள் பட்டென்று சொன்னார்: "அரேத்தா ஃபிராங்ளினுக்குச் சமமான குரல் மேவிஸ் ஸ்டேப்பிள்ஸுக்கு இருந்துச்சு. ஆனா அந்தம்மா வாழ்நாள் பூரா அப்பாவோடயும் அக்காக்களோடயும் ஒட்டிக்கிட்டே இருந்து அதை வீணாக்கிட்டாங்க." நல்ல ரசிகர் அவர். மேவிஸ் மீது உண்மையான பிரியம் உள்ளவர். அந்தப் பிரியத்தில் பிறந்த ஆதங்கம்தான் அது. ஆனாலும் அந்த 'வீணாக்கிட்டாங்க' எனக்குள் செரிக்கவே இல்லை. அதற்குப் பிறகு மேவிஸின் எந்தப் பாட்டைப் போட்டாலும், எது வீணாயிற்று, எங்கே வீணாயிற்று என்று என்னையறியாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

நண்பர் பக்கம் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பக் குழுவில் முதன்மைக் குரலாக இருந்த மேவிஸை, தனிப்பாடகியாக நிறுத்திப் பார்க்க எத்தனையோ பேர் முயன்றார்கள். 1969இலும் 1970இலும் ஸ்டாக்ஸ் நிறுவனம் தன்னுடைய வோல்ட் லேபிளில் இரண்டு தனி ஆல்பங்களை வெளியிட்டது. டிஸ்கோ அலை உச்சத்தில் இருந்த 1979இல் இன்னொன்று. 1989இலும் 1993இலும் பாப் நட்சத்திரம் பிரின்ஸே தன் பெய்ஸ்லி பார்க் நிறுவனத்துக்காக அவரை வைத்து ஆல்பங்கள் தயாரித்தார். மேவிஸ் தன் வாழ்க்கையை நீண்ட கடிதங்களாக எழுதி அனுப்ப, அவற்றிலிருந்து பிரின்ஸ் பாட்டுகள் கட்டினார். எழுபதுகளின் சோல் ரசிகர்கள் இன்றும் மெச்சுகிற பாட்டுகள் இவற்றில் உண்டு. ஆனால் எதுவும் மேவிஸை, 'சோல் ராணி' என்று பெயரெடுத்த அரேத்தா இருந்த இடத்துக்கு அருகில்கூடக் கொண்டுபோகவில்லை. கம்பெனி சரியாக விளம்பரம் செய்யவில்லை, பெய்ஸ்லி பார்க் மூடப்பட்டது, காலம் சரியில்லை என்று ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் இருபத்தைந்து வருடம் ஒரே மாதிரி முடிவு வருகிறது என்றால், காரணம் கம்பெனிக்கு வெளியிலும் இருக்க வேண்டும்.

மேவிஸ் பாடியவற்றில் என்னை உலுக்கிய இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. 1969 கோடையில் ஹார்லெமில், மவுண்ட் மாரிஸ் பூங்காவில் நடந்த கலாச்சார விழா. கறுப்பினத் தேவாலயங்களின் பக்தி இசையான காஸ்பல் உலகின் பேரரசி மஹாலியா ஜாக்சன் அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி, 'பிரெஷஸ் லார்ட்' பாட்டைத் தொடங்கித் தரும்படி மேவிஸைக் கேட்கிறார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகப் பிடித்த பாட்டு அது. அவர் கொல்லப்பட்டு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருக்கிறது. மேவிஸ் தொடங்குகிறார். மஹாலியா பிறகு சேர்ந்துகொள்கிறார். ஒரே மைக்கை இருவரும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். சிறுவயதிலிருந்து தெய்வமாக நினைத்த பெண்மணி ஒரு வரியைத் தூக்கிப் போட, அதைத் தரையில் விழவிடாமல் பிடித்து மேவிஸ் திருப்பி அனுப்புகிறார். அப்புறம் 1970களின் பிற்பகுதியில் தி பேண்ட் என்ற ராக் குழுவின் விடைபெறும் படத்துக்காக எடுத்த 'தி வெயிட்'. அதில் ஒரு சரணம் மேவிஸுக்கு, ஒரு சரணம் அப்பா பாப்ஸுக்கு. பாட்டு முடிந்த நொடியில் மேவிஸ் மூச்சுக்குள்ளேயே 'பியூட்டிஃபுல்' என்று சொல்வது மைக்கில் பதிவாகியிருக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் அவர் தனியாக இல்லை. எதிரில் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லும்போதுதான் அந்தக் குரல் முழு அளவில் திறக்கிறது. அடிப்படையில் அது எசப்பாட்டுக் குரல்.

அரேத்தாவோடு ஒப்பிடுவது ஏன் பொருந்தவில்லை என்பதும் இங்கேதான் எனக்குப் புரிகிறது. 1967இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அரேத்தாவைப் பியானோ முன்னால் உட்காரவைத்த பிறகுதான் அவருடைய பெரும் பயணம் தொடங்கியது. தேவாலயத்தில் போதகர் கூப்பிட, சபை பதில் சொல்லும் அந்த உரையாடலை அரேத்தா தன் கைகளுக்கும் தொண்டைக்கும் நடுவில் தானே நடத்திக்கொள்வார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. மேவிஸ் அப்படி வாத்தியத்தோடு உட்கார்ந்த பாடகி அல்ல. அவருடைய பியானோ, அவருடைய அப்பாவின் கையில் கிட்டாராக இருந்தது.

வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள்

அந்த அப்பா, ரோபக் 'பாப்ஸ்' ஸ்டேப்பிள்ஸ், 1914இல் மிசிசிப்பியில் பிறந்தவர். டாக்கரி பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். ப்ளூஸ் வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பண்ணையின் பெயரே போதும். ப்ளூஸ் முன்னோடி சார்லி பேட்டன் கிட்டார் வாசித்துக்கொண்டு திரிந்த இடம். சிறுவன் ரோபக் அதைக் கேட்டுக் கேட்டுக் கிட்டார் கற்றுக்கொண்டார். 1930களின் நடுவில் பிழைப்பு தேடி சிகாகோ வந்தார், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வந்த பிறகு பல வருடம் கிட்டாரைத் தொடவில்லை. ஆண்கள் சேர்ந்த ஒரு காஸ்பல் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். ஒத்திகைக்குச் சகாக்கள் ஒழுங்காக வராததில் வெறுத்துப்போய், ஒருநாள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தார். அடகுக் கடையில் வாங்கிய கிட்டாரை எடுத்து, ஒரு கம்பியைத் தட்டி இது பெர்விஸுக்கு, இன்னொன்றைத் தட்டி இது கிளியோதாவுக்கு, இது மேவிஸுக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதியைப் பிரித்துக் கொடுத்தார். முதலில் சொல்லிக்கொடுத்த பாட்டு 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்'. 1948இல் தேவாலயத்தில் முதல் முறை பாடியபோது மேவிஸுக்கு வயது எட்டோ ஒன்பதோ.

இந்தக் காட்சியை எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் ஓர் அழகான குடும்பக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது ஒரு பாடகியின் உடல் உருவான இடமாகத் தெரிகிறது. ஒரு குழந்தைக்குச் சுருதி என்பது பியானோவிலிருந்தோ ஹார்மோனியத்திலிருந்தோ வராமல், அப்பா தட்டும் கம்பியிலிருந்து வந்திருக்கிறது. பாப்ஸின் கிட்டார் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரெமலோ போட்டு, ஒலி அலையலையாக நடுங்கும்படி வாசிப்பார். அதிகம் வாசிக்கவே மாட்டார். இரண்டு சுரம், பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் மகளின் குரல் நுழையும். குரல் ஓய்ந்ததும் கம்பி மறுபடி நடுங்கும். 1956இல் வீ-ஜே நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த 'அன்கிளவுடி டே'யைக் கேளுங்கள். முதலில் கிட்டார் மட்டும் தனியாக நடுங்குகிறது. குடும்பம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்கிறது. பிறகு அடியிலிருந்து, பூமிக்குள்ளிருந்து எழுவது போல ஒரு கனத்த குரல். அது பதின்வயதுப் பெண்ணின் குரல் என்று ரேடியோ அறிவிப்பாளர்கள் சொன்னால் கேட்டவர்கள் நம்பவில்லை. ஆம்பிளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய உடம்புள்ள பெண்மணியாக இருக்க வேண்டும் என்றார்கள். மினசோட்டாவில் இரவு ரேடியோவில் இதைக் கேட்டுத் தூக்கம் தொலைத்த சிறுவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் பாடகரான பாப் டிலன். சில வருடம் கழித்து அதே டிலன் மேவிஸைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டதும், மேவிஸ் மறுத்ததும் தெரிந்த கதை.

தேவாலயத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருந்த எல்லைக்கோட்டை மேவிஸ் சின்ன வயதிலேயே முதுகில் வாங்கித் தெரிந்துகொண்டவர். மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் இருந்தபோது பள்ளி நிகழ்ச்சியில் ஒரு காதல் பாட்டைப் பாடினார். கைதட்டல் பலமாக இருந்தது. பாட்டியிடம் விஷயம் போனதும் அடி அதைவிடப் பலமாக விழுந்தது. இந்த வீட்டில் தேவாலயப் பாட்டு மட்டும்தான். ப்ளூஸ் கற்று வளர்ந்த அப்பாவின் கிட்டார், ப்ளூஸ் பாட அனுமதியில்லாத மகளின் தொண்டை. இரண்டும் சந்தித்ததால்தான் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் காஸ்பல் உலகில் வேறு யாரையும் போல ஒலிக்கவில்லை.

அப்புறம் கிங் வந்தார். அலபாமாவின் மான்ட்கோமரியில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிய பாப்ஸ் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரால் இதைப் பிரசங்கிக்க முடிந்தால் நம்மால் இதைப் பாட முடியும் என்றார். அதோடு குழுவின் பாதை திரும்பிவிட்டது. லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்ததைப் பார்த்து பாப்ஸ் எழுதிய 'ஒய் ஆம் ஐ ட்ரீட்டட் ஸோ பேட்' கிங்குக்கு மிகவும் பிடித்துப்போனது. கூட்டங்களில் என் பாட்டைப் பாடுங்கள் என்று பாப்ஸிடம் கேட்பாராம். 1965இல் செல்மாவிலிருந்து மான்ட்கோமரி வரை நடந்த பேரணிக்காக 'ஃப்ரீடம் ஹைவே' பிறந்தது. அடுத்த மாதமே சிகாகோவின் நியூ நசரேத் தேவாலயத்தில் சபைக்கு முன்னால் அதைப் பாடிப் பதிவுசெய்தார்கள். அந்தப் பதிவில் சபையும் ஒரு வாத்தியம்தான். மேவிஸ் ஒரு வரியை இழுத்தால் பின்வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு அவர் அடுத்த வரியை இன்னும் தாழ்வாக, இன்னும் கரகரப்பாக ஆரம்பிக்கிறார். ஸ்டூடியோவில் காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்தினால் இந்தப் பாடகிக்கு எது இல்லாமல் போகும் என்பதை இந்த ஒரு பதிவே காட்டிவிடும்.

'டாடி' என்று கூப்பிட்ட இடம்

ஸ்டாக்ஸில் அவர்களுடைய பெரிய வெற்றிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. நிறுவனத்தின் ஆல் பெல், சுட்டுக் கொல்லப்பட்ட தன் தம்பியை அடக்கம் செய்ய ஆர்கன்சாஸ் போயிருந்தார். அப்பா வீட்டுப் பின்பக்கம் ஓடாமல் கிடந்த பழைய பள்ளிப் பேருந்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தாளமும் சில வரிகளும் தலைக்குள் வந்தன. யாரும் அழாத, யாரும் கவலைப்படாத ஓர் இடம் எனக்குத் தெரியும், உன்னை அங்கே கூட்டிப்போகிறேன் என்ற கருத்து. அதற்கு மேல் எழுத முயன்றார், ஒரு சரணமும் ஒட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். 1972இல் அமெரிக்க பாப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'ஐ'ல் டேக் யூ தேர்' பாட்டில் சரணம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் கிடையாது. அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸ் ஸ்டூடியோவின் வாத்தியக்காரர்கள், ஜமைக்கா ரெக்கே வாடையடிக்கும் ஒரு பேஸ், அப்புறம் மேவிஸ் கூப்பிடக் குடும்பம் பதில் சொல்வது. அவ்வளவுதான் பாட்டு.

பாட்டின் நடுவில் மேவிஸ் வரிகளை விட்டுவிட்டு வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பிக்கிறார். பியானோவை வாசிக்கச் சொல்கிறார். பேஸ் வாசிக்கும் டேவிட் ஹூடைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கிட்டார் வரும் இடத்தில் 'டாடி, டாடி' என்று அழைக்கிறார். இந்த இடத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. மகள் அழைக்க, அப்பாவின் கிட்டார் பதில் சொல்கிறது என்றே எல்லோரும் கேட்போம். ஆனால் அந்தப் பதிவில் அந்தக் கிட்டாரை வாசித்தது பாப்ஸ் அல்ல, ஒரு ஸ்டூடியோக் கலைஞர். ஆனாலும் மேவிஸின் வாயில் வந்தது 'டாடி'தான். கிட்டார் என்று ஒன்று பதில் சொன்னால் அது அப்பா என்றே அவருடைய உடம்பு பழகியிருந்தது. இந்தத் தகவல் தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாட்டு சின்னதாகவில்லை. இன்னும் பெரிதாயிற்று. மேவிஸின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் அந்தச் சில நொடிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

இந்தப் பாட்டுக்குத் தேவாலயத்துக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பிசாசின் இசை என்றார்கள். காஸ்பலில் 'இயேசு' வரும் இடத்தில் 'பேபி' போட்டால் சோல் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. இசை பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைச் சலிக்காமல் எடுத்துப் போடுகிறார்கள். காஸ்பலிலிருந்து சோலுக்குப் போன சாம் குக்கின் சில பாட்டுகளுக்கு அது பொருந்தலாம். மேவிஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. நாங்கள் எங்கே கூட்டிப்போகிறோம் என்று வரிகளைக் கேட்டுப் பாருங்கள், பரலோகத்துக்குத்தானே என்று மேவிஸ் பேட்டிக்குப் பேட்டி விளக்க வேண்டியிருந்தது. பிசாசிடம் இசையே கிடையாது, எல்லா இசையும் கடவுளுடையது என்பது அவருடைய வாதம். மூன்று வருடம் கழித்து சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்ட் எழுதிய 'லெட்ஸ் டூ இட் எகெய்ன்' விஷயத்தில் இப்படி வாதாட முடியாது. அது சந்தேகத்துக்கு இடமில்லாத படுக்கையறைப் பாட்டு. நான் தேவாலயத்து ஆள் என்று பாப்ஸ் மறுக்க, மேஃபீல்ட் நயந்து பேசிப் பாடவைத்தார். அதுவும் முதலிடம் போனது. அதே ஆண்டு இறுதியில் ஸ்டாக்ஸ் திவாலாயிற்று. அதோடு குழுவின் பெரிய நாட்களும் மெல்ல அடங்கின.

கிட்டார் நின்ற பிறகு

2000 டிசம்பரில், 86ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது பாப்ஸ் இறந்தார். மேவிஸுக்கு அப்போது 61 வயது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் கிட்டாருக்குப் பதில் சொல்லிவந்த குரல் அது. அப்பா போன பிறகு மேவிஸ் பாடுவதை நிறுத்திவிட்டார். கிளியோதா அல்சைமர் நோயில் மெல்ல நழுவிக்கொண்டிருந்தார். பெர்விஸ் குழுவை விட்டு விலகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் செய்துகொள்ள எந்த ரெக்கார்ட் கம்பெனியும் இல்லை.

மேவிஸ் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கட்டத்தைத் துக்கம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் அவருடைய வாழ்க்கையின் நடுமுள்ளாகத் தெரிகிறது. துக்கம் எந்த மகளுக்கும் வரும். இங்கே கூடவே இன்னொன்றும் போயிருக்கிறது. பாடகிக்குச் சுருதி கொடுத்த கை போய்விட்டது. மேடையில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் நின்ற மனிதர், எந்த வரிக்கு முன்னால் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அறிந்தவர், இல்லை. வரிகள் மனப்பாடமாக இருக்கும், தொண்டையும் நன்றாக இருக்கும். ஆனால் யாருக்குப் பதில் சொல்வது? தனிப்பாடகியாக முன்பு செய்த முயற்சிகளின்போதெல்லாம், அவை தோற்றாலும், அவர் திரும்பிப்போகக் குடும்பம் இருந்தது. இப்போதுதான் முதன்முறையாக உண்மையிலேயே தனிப்பாடகி. என் நண்பர் அவருக்காக விரும்பிய நிலை இதுதான். அது வந்து சேர்ந்தபோது மேவிஸுக்குப் பாட வாய் திறக்கவில்லை.

எழுப்பியவர் அக்கா இவான். அப்பா இதையா விரும்பியிருப்பார், எழுந்து பாடு என்று கண்டிப்பாகவே சொன்னார். இவான் எப்போதும் வெளிச்சத்துக்கு வர விரும்பாதவர். குழுவில் பின்பாட்டுப் பாடுவார், கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வார். ஸ்டேப்பிள்ஸ் குடும்பத்தைப் பற்றிய எழுத்துகளில் அவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வரிதான். அநியாயம் என்றே சொல்வேன். இன்று நம்மிடம் இருக்கும் கடைசி இருபது வருட மேவிஸ் இவான் இல்லாமல் இல்லை. 2018இல் இறப்பதற்குச் சில காலம் முன்பு வரை தங்கைக்குப் பின்னால் மேடையில் நின்று பாடிக்கொண்டும் அவருடைய காரியங்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

எழுந்த மேவிஸ் செய்ததைக் கவனியுங்கள். சொந்தப் பணத்தைப் போட்டு சிகாகோவில் ஓர் ஆல்பம் பதிவுசெய்தார். கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோனபோது வேண்டாம் என்றார்கள். கடைசியில் அலிகேட்டர் என்ற சிகாகோ ப்ளூஸ் கம்பெனி 2004இல் 'ஹேவ் எ லிட்டில் ஃபெய்த்' என்று அதை வெளியிட்டது. அப்பாவைப் பற்றிய பாட்டு ஒன்று அதில் இருக்கிறது. தரையில் வட்டமாக உட்கார்ந்து முதலில் கற்ற அந்தப் பாட்டும் இருக்கிறது. 2007இல் கிட்டார் கலைஞர் ரை கூடர் தயாரிப்பில் சிவில் உரிமைக் காலப் பாட்டுகளை மறுபடி எடுத்தார். நான் முக்கியமாக நினைப்பது அந்தக் காலத்தில் அவரோடு சேர்ந்த ஒரு கிட்டார்க்காரரை. ரிக் ஹோம்ஸ்ட்ராம். ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், பின்பாட்டுக்கு இவானோடு இன்னும் ஓரிருவர். கீபோர்டு கிடையாது, ஊதுவாத்தியங்கள் கிடையாது. பிரின்ஸ் கட்டிக்கொடுத்த மாளிகைகளுக்குப் பிறகு இது ஓர் ஒற்றை அறை. அந்த அறைக்குள் கிட்டார் ட்ரெமலோவில் நடுங்குகிறது. இரண்டு சுரம், பிறகு இடைவெளி.

2008இல் சிகாகோவின் ஹைட்அவுட் என்ற சின்ன மதுக்கூடத்தில் இந்தக் குழு பாடியது நேரடிப் பதிவாகக் கிடைக்கிறது. நூறு பேர் சுற்றி நின்றாலே நெருக்கும் அளவு இடம்போலக் கேட்கிறது. குரல் வயதாகியிருக்கிறது. மேலே போக முடியாத இடங்களை அவர் மறைக்கவில்லை; கரகரத்துக்கொண்டே கடக்கிறார். ஹோம்ஸ்ட்ராம் பாப்ஸை நகலெடுக்கவில்லை. ஆனால் எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று பாப்ஸின் வாசிப்பிலிருந்து கற்றிருக்கிறார். குடும்பத்தை விட்டு வெளியே வந்ததால் மேவிஸின் தனிவாழ்க்கை வெற்றிபெற்றது என்று நினைத்தால், இந்தப் பதிவு அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. 1948இல் அப்பா தரையில் போட்ட வட்டத்தை, ரத்த உறவில்லாத ஆட்களை வைத்து அவர் மறுபடி போட்டுக்கொண்டார்.

வில்கோ என்ற ராக் குழுவின் ஜெஃப் ட்வீடி மேவிஸ் பாடிக் கேட்டது அந்த ஹைட்அவுட்டில்தான். ட்வீடி தயாரித்த மேவிஸின் ஆல்பம் 'யூ ஆர் நாட் அலோன்' 2010இல் வந்தது. அந்தப் பதிவின்போது நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிகாகோ குளிர்காலம். ஒரு பழைய காஸ்பல் பாட்டை வாத்தியமே இல்லாமல் மாடிப்படிக்கட்டில் நின்று பாடலாம், அங்கே எதிரொலி நன்றாக இருக்கும் என்கிறார் ட்வீடி. அங்கே உறைந்துபோய்விடுவோம் என்கிறார் மேவிஸ். கோட்டும் கையுறையும் கழுத்துத்துணியும் வந்து சேர, எல்லோரும் போர்த்திக்கொண்டு போய்ப் பாடுகிறார்கள். சுவர்களே பின்பாட்டுப் பாடுகின்றன. அடுத்த ஆண்டு அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. போட்டியில் நின்று மேவிஸ் வாங்கிய முதல் கிராமி, 71 வயதில். மேடையில் அழுதார். 'தாமதமாகக் கிடைத்த அங்கீகாரம்' என்று பத்திரிகைகள் எழுதின. விருது தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன். குரல் எங்கேயும் தாமதிக்கவில்லை. அது தனக்குப் பிடித்த வேலையைத்தான் 1948இலிருந்து செய்துகொண்டிருந்தது.

பாப்ஸ் இறப்பதற்கு முன் 1999 வாக்கில் சில பாட்டுகளைப் பதிவுசெய்து வைத்திருந்தார். நோயில் படுத்திருந்தபோது அவற்றைக் கேட்டுவிட்டு, இதைத் தொலைத்துவிடாதே என்று மேவிஸிடம் சொன்னார். மேவிஸ் பத்திரமாக வைத்திருந்து ட்வீடியிடம் கொடுத்தார். தேவையில்லாத வாத்தியங்களையெல்லாம் உரித்து எடுத்துவிட்டு, பேஸை ட்வீடியும் டிரம்ஸை அவருடைய மகனும் வாசிக்க, 2015இல் 'டோன்ட் லூஸ் திஸ்' வெளிவந்தது. இறந்து பதினான்கு வருடம் ஆன அப்பாவின் கிட்டார் ஒரு வரி வாசிக்கிறது, மகள் பதில் சொல்கிறார். 'டாடி' என்று அன்று வேறொருவர் கிட்டாரைக் கூப்பிட்டவருக்கு, இந்த முறை உண்மையிலேயே அப்பாவின் கை.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 'ஐ'ல் டேக் யூ தேர்' ஆகத்தான் இருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு 1956இன் 'அன்கிளவுடி டே'யில் தொடங்குங்கள். பிறகு 1965இன் நியூ நசரேத் தேவாலயப் பதிவு. முழுமையாக வெளியான பதிப்பு இப்போது கிடைக்கிறது, போதகரின் பேச்சும் காணிக்கை எடுப்பதும் உட்பட. அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அங்கிருந்து நேராக 2008இன் ஹைட்அவுட்டுக்கு வந்துவிடுங்கள். நடுவில் உள்ள தனி ஆல்பங்களைப் பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். 'கேரி மீ ஹோம்' மறக்க வேண்டாம். 2011 கோடையில் உட்ஸ்டாக்கில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த, தி பேண்ட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லெவன் ஹெல்மின் கொட்டகை ஸ்டூடியோவில் அவரோடு சேர்ந்து பாடியது. ஹெல்ம் அடுத்த ஆண்டு இறந்தார். பதிவு 2022இல்தான் வெளியானது. அதிலும் 'தி வெயிட்' இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மேவிஸ் ஒரு வரியை முடித்ததும் அடுத்த வரிக்கு முன்னால் அரை நொடி நிறுத்தி, ஹெல்ம் தட்டும் வரை காத்திருப்பது அதில் நன்றாகக் கேட்கிறது.